மழையைத் தூரத்திலேயே பார்க்கும் ராடார்



1978 நவம்பர் சூறாவளியைக் கல்முனைப் பக்கத்து முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தென்னைகள் சரிந்தன, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கடலில் பிறக்கும் சூறாவளி கரையோடு நிற்பதில்லை. 2025 நவம்பரில் டித்வா வந்தபோது மண்சரிவில் அடிபட்டது நம் மலைநாடுதான்.

மழை வருவதை முன்கூட்டிக் காட்டுவது டொப்ளர் ராடார். அது அனுப்பும் வானொலி அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். 150 கிலோமீற்றர் தூரம் போய்த் திரும்ப ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். திரும்பும் அலை பலமென்றால் மழையும் பலம். பஸ் கிட்ட வரும்போது ஹோன் சத்தம் கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதே கணக்கில், துளிகளைக் காற்று எந்தப் பக்கம் கொண்டு போகிறது என்றும் ராடார் அறியும்.

2017இல் புத்தளத்திலும், கல்முனைக்குத் தெற்கே பொத்துவிலிலும் இப்படி ராடார் அமைக்க ஜப்பானோடு உதவி ஒப்பந்தம் ஆனது.

ஆனால் அலையை மலை மறைத்தால் அப்பால் பெய்யும் மழை சரியாகத் தெரியாது. ஆகவே தோட்டத்து மழைமானியும் வேண்டும். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் தாண்டினால் மண்சரிவு அபாயமுள்ள இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு.

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அறிவித்தல் வந்தால் சாமான் சட்டியைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளிக்கிடுவோம்.