கண்ணை மூடினால் எழும் அலை எங்கிருந்து வருகிறது?

கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் பின்னந்தலையில் மின்முனைகளை ஒட்டி இஇஜி எடுத்தால், நொடிக்குச் சுமார் 10 முறை ஏறி இறங்கும் அலை ஒன்று திரையில் ஓடும். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். இந்த ஆல்ஃபா அலையை ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்டபோது பலரும் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் ஏட்ரியனும் மாத்யூஸும் அதே அலையைப் பதிவு செய்து, அது மூளையின் பிடரிப் பகுதியிலிருந்து வருகிறது என்றார்கள்.

பிடரியில் சரியாக எந்த இடம்? இந்தக் கேள்விதான் கடினமானது. மண்டையோடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உள்ளே ஓரிடத்தில் எழும் மின்னழுத்தம் தலைத்தோலுக்கு வருவதற்குள் பரவி மங்கிவிடும். காந்தப்புலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மூளையின் காந்தப்புலம் பூமியினுடையதில் கோடியில் ஒரு பங்குகூட இராது. அதையும் 1968இல் அமெரிக்காவில் டேவிட் கோஹென் செம்புக் கம்பிச் சுருளை வைத்து அளந்துவிட்டார். மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் இன்றைய எம்இஜி கருவிகள் சிலவற்றில் தலையைச் சுற்றி முந்நூறு உணரிகள் இருக்கின்றன.

முந்நூறு என்ன, மூவாயிரம் வைத்தாலும் ஒரு தடை அப்படியே நிற்கும். வெளியே அளந்ததை மட்டும் வைத்து, உள்ளே ஓடும் மின்னோட்டத்துக்கு ஒரே ஒரு விடை சொல்ல முடியாது. இதை ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853லேயே காட்டிவிட்டார். ஆகவே எந்தக் கணக்கும் ஏதாவதோர் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது.

தாள அலைகளைத் தேட அதிகம் பயன்படுவது பீம்ஃபார்மர். ரேடார், சோனார் துறைகளிலிருந்து வந்த உத்தி இது. மூளையின் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து வருவது மட்டும் தேறி மற்றவை அமுங்கும்படி ஒவ்வோர் உணரிக்கும் ஓர் எடை கொடுப்பார்கள். பிறகு அடுத்த புள்ளி. இப்படி மூளை முழுவதும் கணக்கிட்டால் ஒரு படம் கிடைக்கும். ஆழத்தில் உள்ள புள்ளிகளில் வெறும் இரைச்சலே பெரிதாகித் தெரியும் என்பதால், கண் மூடிய நிலையையும் திறந்த நிலையையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது நல்லது.

பீம்ஃபார்மரின் அனுமானம், மூளையின் இரண்டு இடங்கள் ஒரே தாளத்தில் இணைந்து துடிக்காது என்பது. ஒரே ஒலியைக் கேட்கும்போது இடம், வலம் இரண்டு செவிப்புறணிகளும் சேர்ந்தே துடிக்கின்றன. அப்போது கணக்கு இரண்டையுமே அமுக்கிவிடலாம். ஒன்றுமே நடக்காத நடுப்பகுதியைக்கூடக் காட்டலாம். படம் மட்டும் பளிச்சென்றுதான் இருக்கும். என்னை அச்சப்படுத்துவது இதுதான்.

அதனால்தான், வலிப்பு தொடங்கும் இடத்தை அகற்றும் அறுவை சிகிச்சையில் இத்தகைய படத்தை மட்டும் நம்பி மருத்துவர்கள் கத்தியை எடுப்பதில்லை. எம்ஆர்ஐ, வலிப்பின்போது எடுத்த வீடியோ இஇஜி ஆகியவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஐயம் தீராதபோது மூளைக்குள்ளேயே மின்முனைகளைச் செருகி நேரடியாக அளந்து பார்க்கிறார்கள்.