தொண்டைக்குள் உருண்டை: பழி அமிலத்துக்கு மட்டுமா?

"தொண்டைக்குள்ள ஏதோ உருண்டை நிக்கிற மாதிரி இருக்கு, விழுங்கினாலும் இறங்குதில்லை, காறினாலும் வருகுதில்லை. கேஸ்ட்ரைடிஸா?" வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பார்மசிகளுக்குப் புதிதல்லாத இக்கேள்விக்கு அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசையையே முழுப் பதிலாக்குவது அவசரம். இரைப்பை அமிலம் மேலேறுவது ஒரு காரணம், ஒரேயொரு காரணமல்ல. தைரொயிட் வீக்கமோ, களத்தின் (உணவுக்குழாயின்) மேற்பகுதியில் இரைப்பைத் தோல் போன்ற திட்டோ, மனஅழுத்தமோகூடக் காரணமாகலாம்.

களத்தின் வாயிலில் இருக்கும் மேல் இறுக்கித் தசையைக் காலி வீதிப் புடைவைக்கடையின் இரும்புக் கதவாக எண்ணிக்கொள்ளுங்கள். அது வழக்கமாக மூடியே கிடக்கும். விழுங்கும் கணத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகத் திறக்கும். கீழ்த்தளத்தில் கலவரம் என்றால் முதலாளி கதவை இன்னும் இறுக்கிப் பூட்டுவார். அப்படித்தான், கீழே களம் உறுத்தப்பட்டால் நரம்புவழிச் செய்தி மேலே இறுக்கத்தைக் கூட்டக்கூடும். அமிலம் தொண்டைவரை ஏறவே தேவையில்லை. பதற்றமும் அதே கதவை இறுக்கலாம். சோறு வரும்போது கதவு முழுதாக உயர்வதால் உருண்டை மறைகிறது. வெறும் எச்சிலை விழுங்கி விழுங்கிக் கதவைத் தட்டுகையில் உணர்வு வலுக்கிறது. சாப்பிடும்போது மறையும் உருண்டை பெரும்பாலும் கட்டியல்ல என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

இந்த உருண்டை உணர்வை 1707இல் ஜோன் பர்செல் என்ற வைத்தியர் கழுத்துத் தசைகளின் அழுத்தமென விவரித்தார். அதன்பின்னும் நெடுங்காலம் இது பெண்களின் மனநோயாகவே தள்ளிவைக்கப்பட்டது.

"குளிசை போட்டதும் சுகமாச்சே" என்பவர்களுக்கு 2021இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வு பதில் சொல்கிறது. நீடித்த தொண்டைத் தொல்லையுடைய 346 பேரில் ஒரு சாராருக்கு ஒமெப்ரசோலின் இனத்தைச் சேர்ந்த லான்சோபிரசோல் 30 மில்லிகிராம் தினமும் இருவேளை 16 வாரம், மறுசாராருக்கு மருந்தில்லாப் போலிக்குளிசை. இரு சாராருக்கும் தொல்லை குறைந்தது. மருந்தால் கூடுதல் பயனில்லை. ஆகவே சுகம் வந்ததே அமிலத்துக்குச் சாட்சியாகாது. நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் கூடவே இருந்தால் குளிசைக்கு நியாயமுண்டு. அப்போதும் இராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணிநேரம் விடுவது முக்கியம்.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா? இல்லை, தசையின் இறுக்கமும் நரம்பின் கூருணர்வும் உடலில் நிகழ்பவை. ஆனால் உணவு சிக்குதல், விழுங்கும்போது வலி, எடை குறைதல், மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், கழுத்துக் கட்டி, ஒருபக்க உறுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், குறிப்பாக வெற்றிலை, புகையிலைப் பழக்கமுள்ளவர்கள், காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் தாமதியாமல் போகவேண்டும். காரணத்தைத் தேடாமல் மாதக்கணக்கில் குளிசை விழுங்குவது சிகிச்சையல்ல, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது.