பலேர்மோ: துறைமுகம் சுருங்கிய கதை

தீவு, குடா, நீரிணை, சமவெளி போன்ற சொற்களை மாணவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில் இருந்தே கற்கிறார்கள். இத்தாலியின் பலேர்மோ நகரில் வளரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளோ அவற்றுட் பலவற்றைத் துறைமுகத்தில் நின்றபடியே காணலாம். ஆயினும், அந்நகரின் முக்கியமான இரு நீர்நிலைகள் இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

பலேர்மோவைத் தலைநகராகக் கொண்ட சிசிலி, மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவு. இத்தாலியப் பெருநிலத்தில் இருந்து அதனைப் பிரிப்பது மெசினா நீரிணை. இரு கடற்பரப்புகளை இணைக்கும் ஒடுங்கிய நீர்வழியே நீரிணை. தமிழகத்தில் இதனை ஜலசந்தி என்பர். மெசினாவின் மிகக் குறுகிய இடம் சுமார் 3 கிலோமீட்டர் மட்டுமே. பாக்கு நீரிணை அதைவிடப் பல மடங்கு அகலமானது.

கடல் நிலத்தினுள் வளைந்து நுழையும் இடம் குடா. பலேர்மோ குடாவின் ஓரத்தில், நகருக்கு வடக்கே, சுமார் 600 மீட்டர் உயரமுள்ள பெல்லெக்ரீனோ என்ற சுண்ணாம்புக்கல் மலை நிற்கிறது. அங்குள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கத் தமிழர்கள் மட்டுமன்றி இந்துக்களும் ஏறிச் செல்வது, அந்நகரத்தார் நன்கறிந்த காட்சி. நகரின் பின்புறம் மலைகள் சூழ்ந்த சமவெளி. தோடம்பழத் தோட்டங்களால் புகழ்பெற்ற அச்சமவெளியின் பெரும்பகுதியை, 1950களில் இருந்து மாஃபியாக்களும் அரசியல்வாதிகளும் கைகோர்த்து நடத்திய கட்டட வியாபாரம் விழுங்கிவிட்டது.

மூடப்பட்ட ஆறுகள்

ஃபினீசியர்கள் நிறுவிய இந்நகரைக் கிரேக்கர்கள் 'பனொர்மோஸ்' என்று அழைத்தனர். 'எங்கும் துறைமுகம்' என்பது அதன் பொருள். அது மிகைப்படுத்தல் அல்ல. அன்றைய நகரின் ஒரு புறம் பாப்பிரேத்தோ ஆறும், மறுபுறம் கெமோனியா ஆறும் ஓடிக் கடலில் கலந்தன. ஆகவே நகரம் மூன்று புறமும் நீர் சூழ்ந்த ஒரு சிறு தீபகற்பம். யாழ்ப்பாணத்தவர் மொழியில் சொன்னால், குடாநாடு. கழிமுகங்கள் உள்ளே நீண்டு கிடந்ததால் மரக்கலங்கள் நகரின் இரு மருங்கிலும் ஒதுங்க முடிந்தது.

10ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற அரபுப் பயணி இப்னு ஹவ்கல், சதுப்பில் பாப்பிரஸ் நாணல் வளர்ந்ததையும், கப்பல்களுக்கான கயிறுகள் அதில் திரிக்கப்பட்டதையும் எழுதியிருக்கிறார். பாப்பிரேத்தோ என்ற பெயரும் அந்த நாணலில் இருந்தே வந்தது.

ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கழிமுகங்களைத் தூர்த்தது. தேங்கிய சதுப்புநீர் நோய் பரப்புவதாகக் கருதிய ஆட்சியாளர்கள், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பிரேத்தோவை நிலத்தடியில் மூடினர். கெமோனியாவும் திசைதிருப்பப்பட்டு மறைந்தது. பழைய துறைமுகத்தில் எஞ்சியிருப்பது 'காலா' எனப்படும், குதிரைலாட வடிவச் சிறு குடா மட்டுமே. உல்லாசப் படகுகளும் சில மீன்பிடிப் படகுகளும் அங்கு நிற்கின்றன. பெருங்கப்பல்களுக்கு, அதற்கு வெளியே அலைதாங்கிகள் அமைத்து உருவாக்கிய செயற்கைத் துறைமுகம்தான். இவ்வகையில் கொழும்பும் பலேர்மோவும் ஒன்று. இயற்கையே அரணமைத்த திருகோணமலை வேறு.

ஆற்றை மூடலாம், ஆனால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். 1931 பெப்ரவரியில் பெய்த அடைமழையின்போது வெள்ளம் பழைய ஆற்றுப்படுகைகளைத் தேடி நிரப்பியது. 2020 ஜூலை 15 அன்று கொட்டிய பெருமழையில், மலைகளில் இருந்து இறங்கிய நீர் வடிய வழியின்றி நெடுஞ்சாலையின் சுரங்கப்பாதைகளில் தேங்கியது. வாகனங்களைக் கைவிட்டுச் சாரதிகள் நீந்தித் தப்பினர். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிக் குடியிருப்போர் 2015 டிசம்பரில் கண்டதும் ஏறத்தாழ இதையே.