கடல் கடந்து வந்த மாணாக்கர் – 4: மணலில் எழுதிய பாதிரியார்

அருணாசலத்தை வலம் வருகிறவர்கள் மலையின் மேற்குப் புறத்தில் கடந்து செல்லும் எங்கள் அடி அண்ணாமலையில், ஆதி அருணாசலேசுவரர் ஆலயத்துக்கு அண்மையில், மாணிக்கவாசகப் பெருமானுக்கென்று ஒரு சிறு கோயில் இருக்கிறது; திருவெம்பாவை பிறந்த ஸ்தலம் இது என்பது இவ்வூராருடைய தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. திருவெம்பாவையைத் தன்னுள் கொண்ட திருவாசகத்தை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்த்து, 1900-ஆம் ஆண்டில், தமக்கு எண்பது வயது நிறைந்த தருணத்தில் ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட ஜி. யு. போப், பத்தொன்பது வயதில் சென்னைக்கு வந்த ஒரு பாதிரியாரே என்பதை வாசகர்கள் அறிவார்கள். இத்தகையவர்கள் முதிர்ந்த பருவத்தில் செய்து முடித்த பெரும் பணிகளைப் பற்றி நம்மவர் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். அந்நிய தேசத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் அகரத்தை யாரிடம், எந்த இடத்தில் உட்கார்ந்து, எவ்வளவு சிரமப்பட்டுக் கற்றார் என்னும் விருத்தாந்தத்தை விசாரித்தவர்கள்தாம் குறைவு. இத்தொடர் அதற்காகவே எழுதப்படுவது. சென்ற இதழில், 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் பாதிரியாரைக் கண்டோம். அவருக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடியில் கரையேறிய பர்த்தலோமேயு சீகன்பால்கு இந்த வாரத்துக்கு உரியவர்.

திருவண்ணாமலை நகரத்தில் 'டேனிஷ் மிஷன் பள்ளி' என்றால் தெரியாதவர் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள் பலர், சீகன்பால்குவையும் அதே சங்கத்தார் அனுப்பிய டேனியர் என்று எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். டேனிஷ் மிஷனரிச் சங்கம் தோன்றியது 1821-இல். சீகன்பால்கு அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டவர். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசரான நான்காம் பிரெடரிக். சீகன்பால்குவோ ஜெர்மனியில், சாக்ஸனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில், 1682-இல் பிறந்தவர். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் வாணிகம் நடத்திவந்த டேனியர், எண்பத்தைந்து ஆண்டுகளாகியும் உள்ளூராரிடையே மத போதனைக்கு ஒருவரையும் அனுப்பவில்லை. அரசர் விரும்பியபோது சொந்த நாட்டில் ஆள் அகப்படாமல், ஜெர்மனியிலிருந்து இரண்டு இளைஞரைத் தேடிப் பிடிக்க நேர்ந்தது.

சீகன்பால்கு பெற்றிருந்த பயிற்சி என்ன? இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, தேகம் எப்போதும் பலவீனமாக இருந்த அவர், ஹாலே நகரத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் பக்திமானுடைய கல்விச் சாலைகளின் சூழலில் சிறிது காலம் பயின்றார். அநாதைக் குழந்தைகளுக்கு இல்லமும் பள்ளியும் அமைத்துப் புகழ் பெற்றிருந்த அந்தப் பெரியவரிடம் கற்கக் கூடியவை வேதாகமம், அதன் மூல பாஷைகளான எபிரேயமும் கிரேக்கமும், நெறி தவறாத தினசரி ஒழுங்கு, தளராத பிரார்த்தனை ஆகியவை. தமிழைப் பற்றி ஒரு சொல்லும் அங்கே கிடைக்க வழியில்லை. ஆயினும், முன்பின் அறியாத பாஷையில் ஒரு கிரந்தத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்து, சொல் சொல்லாகக் குறித்து, மீண்டும் மீண்டும் வாசித்து வசப்படுத்தும் பழக்கம் எபிரேயப் பாடத்தால் அவருக்கு வந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்; பின்னாளில் தமிழிடம் அவர் கையாண்ட முறை அதுவாகவே இருக்கிறது.

1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அம்மாதக் கடைசியிலேயே, தம்மைவிட வயதில் மூத்த ஹென்ரிக் புளுட்சோ என்னும் தோழரோடு கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். அரசருடைய ஆணையோடு வந்தவர்களை அரசருடைய அதிகாரிகளே வரவேற்கவில்லை. கோட்டையின் தலைவர் அவர்களை நெடுநேரம் காக்க வைத்தார் என்பதும், இரவில் தங்க இடம் காட்டாமல் விட்டார் என்பதும் பிரசித்தமான செய்திகள். வியாபாரத்துக்கு இடையூறு வரும் என்பது டேனிய வாணிகக் கம்பெனியாருடைய அச்சம்.

கடற்கரைப் பட்டணங்களில் அந்நாளில் பொதுப் பேச்சாக வழங்கியது போர்த்துக்கீசியம். அதை மட்டும் கற்றுக்கொண்டால் வெள்ளையர் வீட்டு வேலைக்காரர்களோடும், சிப்பாய்களோடும், துபாஷிகள் என்னும் மொழிபெயர்ப்பாளர்களோடும் பேசிக் காலம் தள்ளிவிடலாம்; அதற்கு முன் வந்த ஐரோப்பியர் பெரும்பாலோர் செய்ததும் அதுவே. இவ்விருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, போர்த்துக்கீசியத்தைப் புளுட்சோவும் தமிழைச் சீகன்பால்குவும் சிறப்பாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தமிழைக் கற்க அகராதி கையில் இல்லை; இலக்கணம் எழுதிய அச்சுப் புத்தகம் கைக்கு எட்டவில்லை. அந்த நிலைமையில் அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவந்த முதியவரான ஓர் உபாத்தியாயரை வேண்டி, அவருடைய பள்ளிக்கூடத்தையே தாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வரவழைத்து, அந்தப் பிள்ளைகளின் வரிசையில் தாங்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று அருகிவிட்டார்கள் ஆதலால் அதன் நடைமுறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரையில் மணலைப் பரப்பிக் கையால் சமன் செய்வார்கள். உபாத்தியாயராவது, மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளையாவது ஓர் எழுத்தை உரக்கச் சொல்ல, பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே, ஆள்காட்டி விரலால் அந்த எழுத்தை மணலில் வரைவார்கள். வரைந்ததை அழித்து மறுபடியும் வரைவார்கள். காதும் வாயும் விரலும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் நிற்கும். மணலில் கை திருந்திய பிறகே பனையோலையும் எழுத்தாணியும்; அரிச்சுவடி முடிந்த பிறகு எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி என்று பாடம் ஏறும். காசு செலவில்லாத இந்த முறையின் அருமையை எண்பது ஆண்டுகளுக்குப் பின் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் தலைவரான ஆண்ட்ரூ பெல் கண்டுகொண்டு, சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் மணல் எழுத்தையும் தம் விடுதியில் புகுத்தி, இங்கிலாந்து வரை கொண்டுபோய், 'மெட்ராஸ் முறை' என்று அதற்குப் பேரும் புகழும் தேடிக்கொடுத்தார். வித்தை நம் திண்ணையுடையது. அதில் முதன்முதலாக அமர்ந்து கற்ற ஐரோப்பியர் வரிசையில் சீகன்பால்குவையும் புளுட்சோவையும் வைத்தெண்ண வேண்டும். குருப்பட்டம் பெற்ற, லத்தீனில் தர்க்கிக்கவல்ல, இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர், ஐந்து வயதுப் பிள்ளையின் பக்கத்தில் சம்மணமிட்டு விரலை மணலில் ஊன்றியதற்கு எத்தனை பணிவு வேண்டியிருந்திருக்கும்!

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. உபாத்தியாயருக்கு ஐரோப்பிய பாஷை எதுவும் தெரியாது. ஆகவே வாசித்ததற்கு அர்த்தம் கேட்டால் தமிழிலேயே அவர் சொல்லும் விளக்கமும் புரியாமல் போயிற்று. இந்த முட்டுக்கட்டையை நீக்கியவர் அழகப்பன். கம்பெனியாருக்குத் துபாஷியாக இருந்த இவர் போர்த்துக்கீசியம், டேனியம், டச்சு, ஜெர்மன் ஆகிய பாஷைகளில் பழகியவர். இவர் துணையால் சொற்களின் பொருளும், வினைச் சொற்கள் மாறும் விதமும், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியும் சிறிது சிறிதாகத் துலங்கின. பிற்காலத்தில், தமிழருடைய சமயத்தையும் நடையுடைகளையும் பற்றிப் பாதிரிமார் அனுப்பிய கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய விடைகளாகத் தொண்ணூற்றொன்பது கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின. அவற்றுள் பலவற்றை எழுதிய கை அழகப்பனுடையது என்பது இக்கால ஆராய்ச்சியாளர் கருத்து.

1708-இல் சீகன்பால்கு தாய்நாட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தமது நாள் கழியும் விதத்தை மணிக்கணக்காக வர்ணித்திருக்கிறார். காலை ஏழு மணி முதல் எட்டு வரை, தாம் ஏற்கெனவே குறித்து வைத்த சொற்களையும் தொடர்களையும் திருப்பிச் சொல்வது. எட்டு முதல் பன்னிரண்டு வரை, முன்பு வாசித்திராத தமிழ்ச் சுவடிகளை வாசிப்பது. அப்போது வயது முதிர்ந்த புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடன் இருப்பார்கள். கதைச் சம்பந்தம் வருமிடத்தில் புலவர் கதையைச் சொல்ல வேண்டும். விளங்காத பதங்களையும் துறைகளையும் எழுத்தர் குறித்துக்கொள்ள வேண்டும். உச்சிப்போதில் உணவருந்தும்போதும் ஒருவர் வாசிக்கக் கேட்பார். பிற்பகலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், பிறகு மீண்டும் சுவடி. இரவில் விளக்கொளியில் ஓலையின் கீறல்களை உற்றுப் பார்ப்பது கண்ணுக்கு ஆகாது என்பதால், ஏழு முதல் எட்டு மணி வரை ஒருவரை வாசிக்கச் சொல்லித் தாம் கேட்டுக்கொண்டிருப்பார். தமக்குப் பிடித்த நடையுள்ள நூலாயின், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் வசமாகும் வரை நூறு தடவை கூட வாசிக்கச் செய்ததாக எழுதுகிறார்.

அக்காலத்து ஓலையை வாசிப்பதென்றால் என்னவென்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் கண்ணால் பிரித்தறிய இயலாது; ரகரமும் காலும் ஒரே உருவம். ஒரு சொல் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதற்கு இடைவெளியும் கிடையாது. செய்யுளாயின் அடிக்கு அடி நிறுத்தாமல் ஓலையின் ஓரம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். பாடலை முன்பே மனப்பாடமாக அறிந்தவரே பிழையின்றி வாசிக்கலாம் என்பதுதான் உண்மை. ஆகையால் புலவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எந்தப் பரதேசியும் தமிழ்ச் சுவடியை வாசித்திருக்கவே முடியாது. சுவடிகளைத் தேடுவதற்கும் அவர் தம் எழுத்தர்களையே நம்பினார். அவர்களைப் பல நாள் பிரயாணமாக உள்நாட்டுக்கு அனுப்பி, கற்ற அந்தணர்களின் கைம்பெண்களிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கிவரச் செய்தார்.

கரையிறங்கிப் பதின்மூன்று மாதம் கழித்து, 1707 ஆகஸ்டில், தரங்கம்பாடியில் கட்டப்பட்ட சிறு தேவாலயத்தின் பிரதிஷ்டை நாளன்று தமிழில் பிரசங்கம் நிகழ்ந்தது. மறு ஆண்டில், தாம் திரட்டிய சுவடிகளுக்கு அவர் ஓர் அட்டவணை எழுதினார். தமிழர் இயற்றிய நூல்களாக மட்டும் அதில் 119 இருந்தன. சிறுபிள்ளைகளோடு கேட்டுப் பழகிய கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் அவ்வாண்டிலேயே ஜெர்மனில் பெயர்த்தார். சொற்களைத் தொகுத்துக்கொண்டே வந்த குறிப்பு 40,000 சொற்கள் வரை வளர்ந்தது. 1711-இல் புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் முடிந்தது. 1716-இல் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் வெளிவந்தது. இடையில் கோட்டைத் தலைவரோடு நேர்ந்த பிணக்கினால் நான்கு மாதம் சிறையிலும் கிடந்தார்.

இந்தப் பெருக்கத்தைக் காட்டிலும் நான் மேலாகக் கருதுவது அவருடைய உள்ளத்தில் உண்டான மாற்றத்தை. இந்நாட்டுக்கு வந்த புதிதில், தமிழருடைய பாஷைக்கு ஒழுங்கான இலக்கணம் இராது, அவர்கள் வாழ்க்கைக்கும் நெறிமுறை இராது என்று ஐரோப்பியர் பலரைப் போலத் தாமும் எண்ணியிருந்ததாகவும், நூல்களை வாசிக்கத் தொடங்கிய பின்னரே அந்த எண்ணம் தவறென்று உணர்ந்ததாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் வந்த நோக்கம் மதம் மாற்றுவது. நம் சமயத்தைக் கண்டித்து அவர் எழுதிய இடங்களும் உண்டு. சைவனாகிய எனக்கு அவை உவப்பானவையல்ல. ஆயினும், கண்டிப்பதற்காகவேனும் முதலில் கற்க வேண்டும் என்று துணிந்தவர், கற்கக் கற்க மதிக்கத் தொடங்கினார் என்பதை மறைப்பது நியாயமாகாது. 1713-இல் தென்னிந்திய தெய்வங்களின் வரலாற்றை அவர் விரிவாக எழுதி அனுப்பியபோது, அந்நிய மதத்தை வேரறுக்கச் சென்றவர் அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். நூலாசிரியர் 1719-இல் முப்பத்தாறாவது வயதில் இறந்து, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு சென்ற பிறகு, 1867-இல்தான் அந்நூல் சென்னையில் அச்சேறியது. ஹாலேயில் பெற்ற பயிற்சிக்கும் தரங்கம்பாடியில் பெற்ற பயிற்சிக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு.

ஹாலே அவரைப் பாதிரியாராக்கியது. அறிஞராக்கியவர்கள் அந்த முதிய உபாத்தியாயரும், பக்கத்தில் அமர்ந்த புலவரும், ஏடு தேடி நடந்த எழுத்தர்களும், அழகப்பனுமே என்பது என் துணிபு. சீகன்பால்குவுக்குத் தரங்கம்பாடியில் நினைவுச் சின்னம் இருக்கிறது, அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் கல்லறையும் இருக்கிறது. அவற்றில் நமக்கு யாதொரு குறையும் இல்லை. அவருக்கு எழுத்தறிவித்த நம்மவர்களை நினைப்பாரைத்தான் காணோம். பாடப்புத்தகம் எழுதும் நண்பர்கள், சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில், அழகப்பனுடைய பெயரையும் அந்த மணல் பள்ளிக்கூடத்தையும் ஒரு வரியாகிலும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(தொடரும்)