புகையிரதமும் மணிக்கூடும்

குடிசெறிந்த நாட்டிலே மக்களைப் புகையிரதத்தின்பால் ஈர்ப்பது எங்ஙனம்? வண்டியின் வேகத்தைக் கூட்டினாற் போதும் என்பர் பலர். வேகம் வேண்டுவதே, ஆயினும் அதனினும் முற்பட வேண்டுவது ஒன்றுண்டு என்பதைச் சுவிற்சர்லாந்து தேசத்தார் செய்து காட்டியுள்ளனர்.

அந்நாட்டு மக்களுட் பெரும்பாலார் அல்ப்ஸ் மலைக்கும் யூரா மலைக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் நெருங்கி வாழ்கின்றனர். ஊருக்கும் ஊருக்கும் இடைத்தூரம் சிறிது. அத்தகைய இடத்திற் பிரயாணியின் காலத்தை விழுங்குவது ஓட்டமன்று, காத்திருப்பே. இருபது நிமிடப் பிரயாணத்துக்கு நாற்பது நிமிடம் மேடையில் நிற்க நேருமாயின், கார் வைத்திருப்போன் காரையே நாடுவான்.

இதனை உணர்ந்து 1982 ஆம் ஆண்டில் நாடெங்கும் ஒரே சீரான நேரசூசியை வகுத்தனர். காலை 7.02 மணிக்கு ஒரு வண்டி புறப்படுமாயின், 8.02, 9.02 என மணிதோறும் அதே நிமிடத்தில் அடுத்த வண்டி புறப்படும். நிமிடத்தை நினைவில் வைத்தாற் போதும்.

1987 இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 'புகையிரதம் 2000' என்னுந் திட்டம் இதனை மேலும் வளர்த்தது. பெருஞ்சந்திகளுக்கு இடைப்பட்ட ஓட்டம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக அமையின், பல திசை வண்டிகளும் மணி நிறைவதற்குச் சற்று முன்னர்ச் சந்தியில் வந்து கூடும். மணி கடந்ததும் பிரியும். இடையில் மக்கள் வண்டி மாறிக்கொள்வர். பேர்ண், சூரிச் நகர்களுக்கு இடையே ஒரு மணித்தியாலத்தைக் கடந்திருந்த ஓட்டம், 2004 இல் ஏறத்தாழ 45 கிலோமீற்றர் நீளமான புதிய பாதை திறக்கப்பட்டபின் அதனுள் அடங்கிற்று. இயன்ற அளவு விரைவன்று, வேண்டிய அளவு விரைவே அவர் கொள்கை. கிராமத்து அஞ்சல் பஸ் வண்டிகளும் புகையிரத நேரத்துக்கு இயையவே ஓடுகின்றன. பிரயாணத்திற் புகையிரதத்தின் பங்கில் அந்நாடு ஐரோப்பாவில் முன்னிற்பது இதன் பயனேயாம்.

இனி நம் குடாநாட்டை நோக்குவோம். கொழும்பிலிருந்து காங்கேசந்துறை வரை 1905 இல் நிறைவுற்ற பாதை, 1990 இற் போரினால் நின்றது. 2014 இல் யாழ்ப்பாணம் வரையும், 2015 இற் காங்கேசந்துறை வரையும் மீண்டது. ஒரு தலைமுறை புகையிரதத்தின் கூவலைக் கேளாதே வளர்ந்தது. பாதையை மீட்டது பெருஞ்செயல். அப்பாதைக்கு மக்களை மீட்பதோ வேறொரு செயல்.

சுன்னாகமும் கொக்குவிலும் சாவகச்சேரியும் பாதையை அடுத்துள்ளன. வடமராட்சிக்கும் தீவுப்பகுதிக்கும் தண்டவாளம் இல்லை. அங்குச் செல்வோருக்குப் பஸ்ஸே துணை. யாழ்ப்பாணத்திலோ புகையிரத நிலையம் ஓரிடத்தும் பஸ் நிலையம் வேறோரிடத்தும் உள்ளன. வண்டி வரும் வேளையில் அவ்வூர்ப் பஸ்கள் புகையிரத நிலைய வாயிலில் நிற்குமாயின், புதிய தண்டவாளம் இடாமலே பாதை பருத்தித்துறை வரை நீண்டதாகும் என யாம் கருதுகின்றோம்.

ஒரே மணியோசைக்கு எல்லா வகுப்புகளும் இயங்குவதாலன்றோ கல்லூரி நடைபெறுகின்றது? பழைய மாணவருட் பொறியியலாளரும் நிருவாகிகளும் பலர் உளர். பஸ்ஸையும் புகையிரதத்தையும் ஒரே மணிக்கூட்டைப் பார்க்கச் செய்யும் பணியை அவர் மேற்கொள்வாராக.