மாரியோவைப் பார்த்த மூன்று தலைமுறை

2023 ஏப்ரலில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அனிமேஷன் படம் திரைக்கு வந்தபோது, கதையில் கனமில்லை என்று விமர்சகர்கள் பலர் குறை சொன்னார்கள். குடும்பங்களோ கொண்டாடித் தீர்த்தன. உலக வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. அதன் காரணம் எனக்குப் புரிந்தது, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டில்தான்.

பள்ளி விடுமுறையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். சின்னப் பிள்ளைகளுக்குக் கார் பந்தயமே போதும். 1985-இல் வந்த மாரியோ விளையாட்டைச் சிறுவயதில் டிவியில் ஆடிய அத்தான், பழைய இசை கேட்டதும் பிள்ளையாகிவிட்டார். "இப்போ குழாய்க்குள்ள போவான் பாரு!" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு விளையாட்டெல்லாம் தெரியாது. தோட்டத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய எம்.ஜி.ஆர். படங்களோடு வளர்ந்தவர். நிலையான வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கிய மாரியோவை, தம்பியையும் சேர்த்துக் கெடுப்பதாக அப்பா கடிந்துகொள்ளும் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவங்கப்பா சொல்றது நியாயந்தானே?"

தோட்ட அலுவலக வேலையை விட்டு ஈப்போவில் கடை போட நினைக்கும் அக்காவின் மூத்த மகன் வாய் திறக்கவில்லை. இறுதியில் அந்த அப்பாவே மகனை நினைத்துப் பெருமைப்பட்டார். சற்று நேரம் கழித்து அம்மா பேரனிடம் கேட்டார்: "கடை வாடகை எவ்வளவுப்பா?"

வீட்டில் மாதக்கணக்காக யாரும் எடுக்காத பேச்சு அது. பிள்ளைகள் படம் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.