கனடா ஸ்பான்சர் விசா ரிஜெக்ட் ஆயிடுச்சா? 30 நாள்தான் டைம்... அடுத்து என்ன செய்யலாம்?

கணவர் டொரன்டோவில் வேலை பார்க்கிறார். மனைவி திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ காத்திருக்கிறார். கல்யாணம் முடிந்து வருஷம் ஓடிவிட்டது. 'இந்த மாசம் வந்துடும்' என்று நம்பியிருந்த நேரத்தில் வருகிறது அந்த மின்னஞ்சல்: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அவ்வளவுதானா? நிச்சயமாக இல்லை. கனடா சட்டத்தில் இதற்குப் பிறகும் வழிகள் இருக்கின்றன. ஆனால் எல்லா வழியும் எல்லோருக்கும் பொருந்தாது. பதற்றத்தில் தப்பான வழியில் போனால் பணம் மட்டுமல்ல, மேல்முறையீட்டு உரிமையே கைவிட்டுப் போகலாம்.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

கடிதத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, எந்தப் பிரிவில் விண்ணப்பித்தீர்கள்? கனடாவுக்கு வெளியே இருக்கும் துணைக்கான 'குடும்பப் பிரிவு' ஒன்று. ஏற்கெனவே கனடாவில் ஒன்றாக வாழும் துணைக்கான 'உள்நாட்டுப் பிரிவு' இன்னொன்று. மேல்முறையீடு செய்ய முடியுமா, முடியாதா என்பதே இதை வைத்துத்தான் முடிவாகும்.

இரண்டு, நிராகரிப்புக்கான காரணம். கடிதத்தில் பெரும்பாலும் நாலு வரிதான் இருக்கும். அதிகாரி உண்மையில் என்ன நினைத்தார் என்பது அவர் கணினியில் பதிந்த குறிப்புகளில் இருக்கும். ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ் என்பார்களே, அதுதான். தகவல் பெறும் சட்டப்படி 5 டாலர் கட்டி இதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அது கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதற்காகக் காத்திருந்து மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஏன் ரிஜெக்ட் செய்கிறார்கள்?

அடிக்கடி சொல்லப்படும் காரணம், 'இந்தத் திருமணம் உண்மையானது என்று நம்ப முடியவில்லை' என்பது. திருமணம் உண்மையானதல்ல, அல்லது குடியேறுவதற்காகவே முக்கியமாக நடந்தது - இந்த இரண்டில் ஒன்று என்று அதிகாரி முடிவு செய்தாலே நிராகரிக்கலாம். 2010-ல் விதி அப்படி மாற்றப்பட்டது.

பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம் என்பது ஒரு குறையே இல்லை. ஆனால் ஊர் வழக்கத்துக்கு மாறாக மண்டபம், சொந்தபந்தம் எதுவும் இல்லாமல் பத்து பேரோடு நடந்த கல்யாணம் என்றால் கேள்வி வரும். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று பெண்ணுக்குத் தெரியவில்லை, கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை என்றாலும் சந்தேகம் வரும்.

இது தவிர ஸ்பான்சர் செய்பவரின் தகுதி, குற்ற வழக்கு, தவறான தகவல் போன்ற காரணங்களும் உண்டு. உதாரணமாக, ஸ்பான்சர் செய்பவரே முன்பு ஒருவரின் துணையாக ஸ்பான்சர் மூலம் கனடா வந்தவர் என்றால், நிரந்தர வசிப்புரிமை பெற்று 5 ஆண்டுகள் ஆகும் வரை அவர் இன்னொரு துணையை அழைக்க முடியாது.

வழி 1: மேல்முறையீடு

குடும்பப் பிரிவில் விண்ணப்பித்தவர்களுக்கான வழி இது. நிராகரிப்புக்கான காரணம் கையில் கிடைத்த 30 நாளுக்குள் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவில் மனு கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியவர் ஊரில் இருக்கும் துணை அல்ல, கனடாவில் இருக்கும் ஸ்பான்சர். இதற்குக் கட்டணம் கிடையாது.

இதன் பெரிய பலம், புதிய ஆதாரங்களையும் காட்டலாம் என்பதுதான். நிராகரிப்புக்குப் பிறகு கணவர் ஊருக்கு வந்து மனைவியோடு தங்கியது, குழந்தை பிறந்தது எல்லாமே கணக்கில் வரும். விசாரணையில் இருவரிடமும் கேள்வி கேட்பார்கள். ஊரில் இருப்பவர் போன் அல்லது வீடியோ வழியாகப் பேசலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

ஜெயித்தால் உடனே விசா கைக்கு வந்துவிடாது. ஃபைல் மறுபடி குடிவரவுத் துறைக்குப் போகும். மருத்துவம், பாதுகாப்பு போன்ற மற்ற சோதனைகள் முடிந்த பிறகுதான் விசா.

ஒரு முக்கியமான விஷயம். 'எனக்கு ஸ்பான்சர் தகுதி இல்லை என்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று படிவத்திலேயே தேர்வு செய்திருந்து, அந்தக் காரணத்தாலேயே நின்றுபோனால் கட்டணத்தின் பெரும்பகுதி திரும்ப வரும். ஆனால் மேல்முறையீடு செய்ய முடியாது. கடுமையான குற்றம், நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களால் நிராகரிக்கப்பட்டாலும் இந்தக் கதவு மூடியிருக்கும்.

வழி 2: ஃபெடரல் நீதிமன்றம்

உள்நாட்டுப் பிரிவில் விண்ணப்பித்தவர்களுக்கு மேல்முறையீடு கிடையாது. அவர்கள் 15 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தை அணுக வேண்டும். மேல்முறையீட்டில் தோற்றவர்களுக்கும் அதே 15 நாள்தான்.

நீதிமன்றம் முதலில் வழக்கை எடுக்கலாமா என்று பார்க்கும். அனுமதி கிடைத்தால்தான் விசாரணை. அப்போதும் 'இவர்கள் உண்மையான தம்பதியா?' என்று நீதிபதி புதிதாக ஆராய மாட்டார். அதிகாரி எடுத்த முடிவு நியாயமானதா என்று மட்டும் பார்ப்பார். பொதுவாகப் புதிய ஆதாரம் செல்லாது. ஜெயித்தால் வேறொரு அதிகாரி மறுபடி பரிசீலிப்பார்.

வழக்குப் போட்டுவிட்டதாலேயே நாடு கடத்தல் தானாக நின்றுவிடாது. கனடாவில் அந்தஸ்து இல்லாமல் இருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

வழி 3: மறுபடி விண்ணப்பிப்பது

எத்தனை முறை வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டணம் மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும். பழைய அதிகாரியின் குறிப்புகளும் ஃபைலில் அப்படியே இருக்கும். அதே ஆல்பம், அதே பதில் என்றால் அதே முடிவுதான் வரும்.

ஆவணம் விடுபட்டது, தகுதிக் காலம் முடியவில்லை போன்ற, சரிசெய்யக்கூடிய காரணம் என்றால் இது நல்ல வழி. திருமணத்தையே சந்தேகித்திருந்தால் மேல்முறையீட்டை விட்டுவிட்டு இதில் இறங்கும் முன் ரெண்டு தடவை யோசியுங்கள். மேல்முறையீட்டில் தோற்ற பிறகு அதே ஆதாரங்களோடு மறுபடி விண்ணப்பித்து, அதுவும் நிராகரிக்கப்பட்டால், 'இது ஏற்கெனவே முடிவான விஷயம்' என்று இரண்டாவது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யவும் வாய்ப்பு உண்டு.

என்ன ஆதாரம் சேர்க்க வேண்டும்?

- திருமணப் பதிவுச் சான்றிதழ், இரு வீட்டாரும் இருக்கும் படங்கள்
- வருஷக்கணக்கான வாட்ஸ்அப், போன் பேச்சுப் பதிவுகள். ஒரே வாரத்து ஸ்கிரீன்ஷாட் போதாது
- வந்து போனதற்கான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை
- பணம் அனுப்பிய ரசீது, இருவர் பெயரிலும் உள்ள காப்பீடு அல்லது வங்கிக் கணக்கு
- அதிகாரி எழுப்பிய ஒவ்வொரு சந்தேகத்துக்கும் நேரடியான பதில்

என்ன செய்யக்கூடாது?

இந்த நிராகரிப்பை எந்தப் படிவத்திலும் மறைக்காதீர்கள். 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி மாட்டினால், தவறான தகவல் தந்ததாக 5 ஆண்டு தடை வரலாம்.

'உள்ளே ஆள் இருக்கு, முடிச்சுக் கொடுக்கிறேன்' என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை தரும் கன்சல்டன்ட், கனடாவின் குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரியில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். ஃபெடரல் நீதிமன்றம் என்றால் வழக்கறிஞர்தான் ஆஜராக முடியும்.

காத்திருக்கும் காலத்தில் கணவரோ மனைவியோ ஊருக்கு வந்து போவதை நிறுத்தாதீர்கள். பிரிந்திருக்கும் இருவருக்கும் அது ஆறுதல். நாளைக்கு விசாரணையில் அதுவே பெரிய சாட்சி.

இன்று கடிதம் வந்திருந்தால், முதல் வேலையாக அது கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். 30 நாளா, 15 நாளா என்ற கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது.